நாங்க ஒரே குடும்பம்

தட்டு மாற்றும்வரை நிச்சயதார்த்தம் ஒழுங்காகத்தான் நடந்தது. லக்னப் பத்திரிகையில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. பெண்ணின் அப்பா அம்பலவாணன் அதை முந்தின நாளே மூன்று தடவை படித்து, நான்கு காற்புள்ளிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார். மாப்பிள்ளை சங்கரபாண்டியின் பெயரிலேயே ஒரு 'ப்' சேர்க்கக் கை துறுதுறுத்தது. பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர் இவ்வளவு அடக்கம் காட்டுவது பெரிய விஷயம்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னையிலருந்து நாங்க ஒரே குடும்பம்!"

சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கிய நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா தமாஷ் பேர்வழி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தச் சிரிப்பில் உற்சாகமாகி, அம்பலவாணன் அடுத்ததையும் சொன்னார்.

"இப்ப நாங்க எல்லாரும் சாப்பிடப் போறோம்!"

சம்பந்தி கோமதிநாயகம் எழுந்தார். தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க சாப்பிடப் போறிய. நல்லாப் போங்க. அப்ப நாங்க?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீங்க? நாங்கன்னா அதுல நீங்களும்தானே!"

"நாங்கன்னா நீங்க மட்டும்லா? நாங்க எப்படி உங்க நாங்கள்ல வருவோம்?"

"எங்களுக்குள்ள என்ன அண்ணாச்சி வித்தியாசம்? எங்க வீட்டுக் கல்யாணம், எங்க பந்தி, எங்க..."

பின்னாலிருந்து மனைவி உமையாள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, போதுங்க. எங்க மானத்தை வாங்காதீங்க!"

அவள் உதவிக்கு வந்ததும் காரியம் முழுசாகக் கெட்டது. கோமதிநாயகம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளா? புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுட்டுத்தான் சொல்லுதாவ." பத்து நிமிடத்தில் இரண்டு வேனும் கிளம்பிவிட்டன. நாற்பது இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்தபடி கிடந்தன.

அம்பலவாணன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்து. 'நாங்கள்' என்றால் கேட்பவரை விட்டுவிட்டு. ஐந்தாம் வகுப்புப் பாடம். அவரே ஆயிரம் பக்கங்களில் சிவப்பு மையால் திருத்திய விஷயம். மனசுக்குள் இலக்கணம் ஒப்பித்துப் பார்த்தார், ஓர் எழுத்து பிசகவில்லை. வாயைத் திறந்தால் அந்தச் சொல் வரவில்லை. பல் போன இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி துழாவினார். அங்கே ஒன்றுமில்லை.

அன்று மதியம் வீட்டில் உமையாள் அழுதாள். "எங்க மகளுக்கு இப்படி ஆயிருச்சே, எங்க மகளுக்கு இப்படி ஆயிருச்சே!"

"ஏம்மா, அப்ப நான் யாரு? வாடகைக்கு இருக்கிறவனா?" என்றார் அம்பலவாணன், வழக்கமான தமாஷாக. சொன்ன பிறகுதான் உறைத்தது. மண்டபத்தில் அவள் பேசியதும் அதேதான். அவளுக்கும் அந்தச் சொல் போயிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் காதை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு காதுக்குப் பின்னாலும் செவிப்பூ.

ககனம் நிறுவனத்தாரின் செவிப்பூ வந்து இரண்டு வருடமாகியிருந்தது. கைபேசியைக் கையில் பிடிப்பதே பழைய வழக்கமாகிவிட்டது. நகத்தளவு மல்லிகை மொட்டு மாதிரி ஒன்று காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். நினைத்த ஆளோடு பேசலாம், குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். இப்படி ஒரு சாமானுக்குத் தமிழ்நாட்டில் இப்படி ஒரு பெயர் வைத்தவன் எவனோ தமிழ் தெரியாதவனாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, நன்றாகத் தெரிந்த குசும்பனாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டே காதில் பூச்சுற்றினார்கள். ஊரே வரிசையில் நின்று சுற்றிக்கொண்டது. வரிசையில் ஏழாவது ஆள் அம்பலவாணன்.

மகள் பொற்கொடி அன்று சாயங்காலமே கோயம்புத்தூர் விடுதிக்குத் திரும்பினாள். அங்கேதான் வேலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "அவர் அவங்கப்பாகிட்டப் பேசிட்டார். தடபுடல் எதுவும் வேண்டாம். அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை, கோமதியம்மன் கோயில்ல தாலி கட்டிட்டு ரிஜிஸ்தர். செவ்வாய் மதியம் வந்து சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கறேன். அப்படியே கெளம்பிப் போறோம்."

"போறோம்னா... யாரு யாரு?"

ஆட்டோ வந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

போறோம். அம்பலவாணனுக்கு அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. தமிழ் வினைச்சொல்லின் துரோகம் இது. 'நாம் போகிறோம்' என்றாலும் போறோம்தான், 'நாங்கள் போகிறோம்' என்றாலும் போறோம்தான். முன்னால் இருக்கிற சொல்லை விழுங்கிவிட்டால், அப்பன் வேனுக்குள் இருக்கிறானா வெளியே நிற்கிறானா என்று எந்த இலக்கணத்தாலும் சொல்ல முடியாது.

சம்பந்தி மனசு மாறாமல் கல்யாணத்துக்குப் போய் நிற்க முடியுமா? தனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம் என்று முடிவு செய்தார். 'இவர் வேண்டுமென்று சொல்லவில்லை, காதில் இருந்த சாமான் கெடுத்துவிட்டது' என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ககனத்தின் அலுவலகம் பைபாஸ் ரோட்டில் கண்ணாடியாக நின்றது. நிவேதன் என்ற அதிகாரி, முப்பது வயதிருக்கும், எழுந்து நின்று கை கூப்பினார். இனிமேல் வரப்போவதெல்லாம் பொய் என்பது அந்தக் கும்பிடிலேயே தெரிந்தது.

"சார், பதினோரு நாட்டுல சோதனை பண்ணியிருக்கு. மூளைக்குப் பாதிப்பு இல்லைன்னு நிபுணர் குழுவே சொல்லிருச்சு."

"எந்த மொழியில சோதிச்சீங்க தம்பி?"

"உலகத் தரத்துல சார்."

"தரம் கெடக்கட்டும். மொழி?"

"இங்கிலீஷ்தான். தமிழ்லயும் படிவம் போட்டோம். மூவாயிரம் பேர் நிரப்பினாங்க. எல்லாரும் நார்மல்."

"நான் நார்மலா? என் பொண்ணு நிச்சயதார்த்தத்துல நாற்பது பேரைப் பட்டினி போட்டு அனுப்பியிருக்கேன்!"

"வயசாக ஆக வார்த்தை தடுமாறுறது சகஜம்தானே சார்? உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம். பரிசீலிக்கிறோம்."

"பரிசீலிச்சு?"

"பரிசீலிச்சுட்டுச் சொல்றோம்."

அம்பலவாணன் வெளியே வந்து வெயிலில் நின்று கத்தினார். என்ன கத்தினார் என்பதை அச்சில் போட முடியாது, அவரே அடித்துவிடுவார். வாசலில் நின்ற காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இந்தக் கேஸ்களைத்தான் பார்ப்பதாக மெதுவாகச் சொன்னார். அவர் தம்பியும் அங்கேதான் போகிறானாம்.

டாக்டர் ரெபேக்காவின் அறையில் மின்விசிறி ஓடவில்லை. நரம்பியல் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர், காதில் பூ இல்லை. எடுத்த எடுப்பில் கேட்டார்.

"நானும் நீங்களும் இந்த ரூம்ல உக்காந்திருக்கோம், வேர்க்குது. அதை எங்கிட்ட ஒரு வாக்கியமாச் சொல்லுங்க பார்ப்போம்."

"நாங்க ரெண்டு பேரும் வேர்த்து உக்காந்திருக்கோம்."

"நாற்பத்திரெண்டாவது ஆளு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். "காதுக்குப் பின்னால, எலும்புக்கு உள்ள ஒரு எடம் இருக்கு. எதிர்ல நிக்கிறவரை நம்மளோட சேர்த்து எண்ணுற எடம்னு வச்சுக்கங்க. ராத்திரி பகலா இந்தப் பூவோட கதிர் அங்கதான் விழுது. வேற எதுவும் கெடல. ஞாபகம் கெடல, கணக்கு கெடல, பேச்சும் சரளமா வருது. அந்த எண்ணிக்கை மட்டும் அவிஞ்சு போகுது."

"அப்ப பதினோரு நாட்டுலயும் ஏன் யாருக்கும் தெரியல?"

"எப்படித் தெரியும்? அந்த நாட்டுக்காரங்களுக்கெல்லாம் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. உள்ள அவிஞ்சாலும் வெளிய அதே வார்த்தைதான் வரும். நம்ம வாயிலதான் ஓட்டை தெரியுது. தெலுங்கு பேசுறவங்களுக்கும் இருக்குன்னு ஒரு டாக்டர் எழுதியிருந்தார். அவரைத் தூக்கி வேற ஊருக்குப் போட்டுட்டாங்க." கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "வெறும் வார்த்தைன்னு நெனைக்காதீங்க. உங்க தெருவுல கிட்டத்துல ஏதாவது சாவு விழுந்துச்சா?"

"என்ன டாக்டர் கேள்வி இது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

விழுந்தது. போன மாதம், மூன்றாம் நம்பர் வீட்டுக் கம்பவுண்டர். தெருவில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை கிடையாது. சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேர் கிடைக்காமல் அவருடைய மகன் வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவே மாடியில் நின்று பார்த்தது. அம்பலவாணனும் நின்றார். 'பாவம், அவங்களுக்கு யாருமே இல்லை போலிருக்கிறது' என்று உண்மையான இரக்கத்தோடு நினைத்தார். நினைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவதுக்குச் சட்னி கேட்டார்.

"கழட்டிட்டா திரும்பி வருமா டாக்டர்?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா?"

"மொதல்ல கழட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

"ஒரு சர்ட்டிபிகேட்டாவது குடுங்க. புதன்கிழமை கல்யாணம்."

"இந்த நோய்க்கு இன்னும் பேரே இல்லைங்க. நான் எழுதினா செல்லாது." குரலில் கோபம் ஏறியது. "ஒரே ஒரு வழிதான் இருக்கு. அந்தத் தமிழ்ப் படிவத்தை மொழிபெயர்த்தது ஒரு டீச்சரம்மா. கெட்டிக்காரி. இங்கிலீஷ்ல இல்லாத ரெண்டு கேள்வியைத் தானா சேர்த்திருக்காங்க, நாம்-க்கு ஒண்ணு, நாங்கள்-க்கு ஒண்ணு. அச்சாகி வந்தப்ப ஒரு கேள்விதான் இருந்துச்சாம். ரெண்டும் இருந்திருந்தா மொத மாசமே குட்டு உடைஞ்சிருக்கும். அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. எழுத்துப் பிரதி கம்பெனியில காணாமப் போச்சு. அந்த ரெண்டு கேள்வியும் இருக்கிற பக்கம் எங்கயாவது கெடைச்சா, கோர்ட்டுல வச்சு மறுபடி சோதனை நடத்துன்னு கேட்பேன். லட்சக்கணக்கான காதுலருந்து இதைப் பிடுங்கி எறியலாம்."

"எந்த அச்சகம்?"

டாக்டர் சொன்னார். அம்பலவாணன் முப்பத்திரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டு நுழைகிற வாசல் அது.

மெய்ப்புத் தாள்களை மூன்று வருடம் கட்டிப் பரணில் வைப்பது அந்த அச்சகத்தின் வழக்கம். அதற்கு மேல் எலி பார்த்துக்கொள்ளும். மறுநாள் ஏணி போட்டு ஏறினார். இரண்டு மணி நேரம் தும்மியதில் கிடைத்தது. அதோடு ஒட்டியே டீச்சரம்மாவின் கையெழுத்துப் பிரதியும் இருந்தது. அண்டை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள்? கேள்வி பதினான்கு: நாங்கள் ஒரே தெருவில் வசிக்கிறோம். கேள்வி பதினைந்து: நாம் ஒரே தெருவில் வசிக்கிறோம்.

பதினைந்தின் மேல் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் அழகான சின்னக் கையெழுத்து: 'கூறியது கூறல். நீக்குக. – அ.வா.'

அ.வா. என்றால் அம்பலவாணன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தேதியைப் பார்த்தார். செவிப்பூ மாட்டி ஏழாவது மாதம். அன்றைக்கே இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. நோயைக் கண்டுபிடிக்க வைத்த கேள்வியை, நோயாளியே நோய் முற்றித் திருத்தியிருக்கிறான். இதைவிடப் பெரிய தமாஷை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. பரணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சட்டைப்பையில் கழற்றி வைத்திருந்த பூவை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டி, பழக்க தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டார். "உமையா, பக்கம் கெடைச்சிருச்சு. அடிச்சது நான்தான்டி."

அவள் பதில் சொல்வதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். பூவிடம் சொன்னது பூவின் சொந்தக்காரனிடம் சொன்ன மாதிரி.

ஒரு மணி நேரத்தில் நிவேதன் அச்சக வாசலில் இறங்கினார். இந்த முறை கும்பிடவில்லை. அதனால் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"சார், நீங்க கேட்ட லெட்டர்." கெட்டிக் காகிதம், முத்திரை, கையெழுத்து. 'திரு. அம்பலவாணன் அவர்களின் உரையில் நேர்ந்த சொற்பிறழ்வு எங்கள் கருவியின் மென்பொருளில் ஏற்பட்ட தற்காலிகக் கோளாறினால் விளைந்தது. அவரது நோக்கத்தால் விளைந்தது அன்று. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.'

ஒற்றுப்பிழைகூட இல்லை. அம்பலவாணனால் அதை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

"பதிலுக்கு?"

"அந்தப் பழைய தாளை வச்சு நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க? வெளிய வந்தா உங்க பேரும்தானே நாறும்? 'கேள்வியை அடிச்சவர் இவர்தான்'னு போடுவாங்க. கோர்ட்டு கேஸுன்னா பத்து வருஷம். உங்களுக்குக் கல்யாணம் புதன்கிழமை."

அம்பலவாணன் யோசித்தார். யோசித்தார் என்று எழுதுவது மரியாதைக்காக. ஊருக்கு டாக்டர் இருக்கிறார், கோர்ட்டு இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு எங்க மக கல்யாணம். இவ்வளவுதான் மனசுக்குள் ஓடியது. மூன்றாம் நம்பர் வீட்டு மகன் வாசலில் நின்று பார்த்த பார்வை ஒரு கணம் வந்தது. அதையும் கூறியது கூறல் என்று அடித்தார்.

மெய்ப்பையும் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்தே கொடுத்தார். நிவேதன் அவற்றை மடிக்கக்கூட இல்லை, அங்கேயே நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பொற்கொடி வந்தாள். சான்றிதழ்களை எடுத்து வைத்தாள். உமையாள் புடவை, துண்டெல்லாம் பையில் அடுக்கித் தயாராக உட்கார்ந்திருந்தாள். அம்பலவாணன் சலவை வேட்டியில் கடிதத்தை நீட்டினார்.

"படி. உங்க மாமாவுக்கு இதுதான் மருந்து."

பொற்கொடி நின்றபடியே படித்தாள். "மென்பொருள் கோளாறா? டாக்டரம்மா மூளைன்னு சொன்னதா போன்ல சொன்னீங்களே?"

"மூளையோ மென்பொருளோ. எனக்கு ரெண்டும் ஒரே அளவுதான்."

"சிரிக்காதீங்கப்பா. கம்பெனிக்காரன் சும்மா ஒரு வெத்துத் தாள்ல கூடக் கையெழுத்துப் போட மாட்டான். என்ன குடுத்தீங்க?"

சொன்னார். வழக்கம்போல அங்கங்கே தமாஷ் சேர்த்துத்தான் ஆரம்பித்தார். பரணுக்கு வந்தபோது தமாஷ் தீர்ந்துபோய்விட்டது. சொல்லி முடித்தபோது உமையாள் பையின் காதைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற காப்பி?"

"இல்ல. டீச்சரம்மா எழுதினதும் அதோடயே போச்சு."

"என் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பொண்ணு காய்ச்சல்ல மூணு நாள் கெடந்தாப்பா" என்றாள் பொற்கொடி. குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் ஊருக்கு வந்திருந்தேன். அந்த மாடியில பதினாலு பேர். ஒருத்தி கதவைத் தட்டல. திரும்பி வந்து நான்தான் உடைச்சுத் தூக்கினேன். அவளுக்கு இன்னும் ஒரு கை அசைய வரல. நீங்க வித்தது அவ கேஸையும் சேர்த்துத்தான்."

"நோய்ம்மா... பூதான் என்னை அப்படிப் பண்ண வச்சிருச்சு."

"கேள்வியை அடிச்சீங்களே, அது பூ. அதுக்கு உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. மண்டபத்துல உளறினது பூ. மாமாகிட்ட நானே சண்டை போட்டுப் புரிய வச்சாச்சு, அவர் நேத்தே சமாதானமாயிட்டார். இந்த லெட்டரே தேவைப்பட்டிருக்காது. ஆனா அந்தத் தாள் என்னன்னு தெரிஞ்சு, யார் யாருக்கு அது வேணும்னு தெரிஞ்சு எடுத்துக் குடுத்தீங்களே, அது பூ இல்ல. அது உங்க கை."

அம்பலவாணன் அவள் கையிலிருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த ஒரு சொல் போன பிறகு, மற்ற சொற்களெல்லாம் இருந்து என்ன பிரயோசனம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வாசலில் கார் வந்து நின்றது. பொற்கொடி அம்மாவின் பையைத் தூக்கினாள்.

"ஒரே ஒரு கேள்வி கண்ணு" என்றார். "பத்து நாளா எவனும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. பரிசீலிக்கிறோங்கறான், பார்க்கலாங்கறாங்க. நீயாவது சொல்லிட்டுப் போ. அன்னைக்கு 'கெளம்பிப் போறோம்'னு சொன்னியே. அது எந்தப் போறோம்? நாங்கங்கறதா, இல்ல... அந்த இன்னொரு சொல்லா? உனக்கும் பூ இருக்கு, நீ எதைச் சொன்னாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

பொற்கொடி தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். அங்கே பூ இல்லை. அது இருந்த தடம்கூட ஆறி, மற்ற தோலோடு சேர்ந்திருந்தது.

"கழட்டி ஒரு வருஷமாச்சுப்பா. எனக்கு ரெண்டு சொல்லும் வரும், வித்தியாசமும் தெரியும்." அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். "அன்னைக்குச் சொன்னது, நாம போறோம். இன்னைக்கு, நாங்க போறோம்."